ஒரே வயிறு, நான்கு பெயர்கள்

கேள்வி இதுதான்: ஸ்கேன் இல்லை, எண்டோஸ்கோபி இல்லை, மலப் பரிசோதனை இல்லை. அப்படியிருந்த 18-ஆம் நூற்றாண்டில், மாதக்கணக்காக வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி என்று வந்து நின்றவருக்கு ஐரோப்பிய மருத்துவர்கள் என்ன நோய் என்று எதை வைத்துச் சொன்னார்கள்? கொடுத்த மருந்துகளில் ஏதாவது பலித்ததா?

சுருக்கமாகச் சொன்னால், நோயாளி சொன்ன கதையை வைத்துத்தான் சொன்னார்கள். நாடி பார்த்தார்கள், நாக்கைப் பார்த்தார்கள், மலம் என்ன நிறம், எத்தனை தடவை என்று விசாரித்தார்கள். வலியைத் தணிக்கவும் போக்கைக் கட்டுப்படுத்தவும் அவர்களிடம் உருப்படியான மருந்துகள் இருந்தன. நோய் குடலில் எந்த இடத்தில் இருக்கிறது, எதனால் வந்தது என்பதுதான் பெரும்பாலும் கைக்கு எட்டவில்லை. பொதுவாகச் சொல்லிக்கொண்டே போவதைவிட, விவரமாகப் பதிவான ஒருவரின் கதையைப் பிடித்துக்கொண்டு போனால் இது நன்றாக விளங்கும்.

அவர் டேவிட் ஹியூம். 1711-ல் பிறந்த ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர். நல்ல பருத்த சரீரம். 1775 வசந்த காலத்தில் குடலில் ஏதோ கோளாறு ஆரம்பித்தது. முதலில் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1776 பிப்ரவரியில் நண்பர் ஆடம் ஸ்மித்துக்குக் கடிதம் எழுதும்போது, எடை பார்த்தேன், முழுசாக ஐந்து ஸ்டோன் இறங்கிவிட்டது என்கிறார். நம் கணக்கில் ஏறக்குறைய 32 கிலோ. நீ வர இன்னும் தாமதித்தால் நான் மொத்தமாக மறைந்தே போய்விடுவேன் என்றும் எழுதுகிறார்.

ஏப்ரலில் அவருடைய மருத்துவ நண்பர் ஜோசப் பிளாக், ஸ்மித்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அன்றைய மருத்துவர் ஒருவர் ஒரு குடல் நோயை எவ்வளவு கூர்ந்து கவனித்தார் என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி. உடம்பு சில வருடங்களாகவே மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது, கடந்த ஒரு வருடமாக வேகம் கூடிவிட்டது. இரவில் தாங்க முடியாத உடல் சூடு. வயிற்றை முறுக்கும் வலியோடு பேதி வருகிறது, அதில் நிறைய இரத்தம் போகிறது. இரத்தம் இருக்கும் விதத்தைப் பார்த்தால் அது குடலின் மேல்பகுதியிலிருந்துதான் வரவேண்டும். பேதி போன அன்று ஆள் துவண்டுவிடுகிறார், ஓரிரு நாளில் ஆச்சரியப்படும்படி தேறுகிறார். இவருடைய அம்மாவுக்கும் இதே உடல்வாகு, இதே நோயில்தான் அவர் இறந்தார். அதனாலேயே இவரும் நம்பிக்கையை விட்டுவிட்டார்.

இன்று ஒரு குடல்நோய் மருத்துவர் கேட்கும் முக்கியக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இதில் பதில் இருக்கிறது: எத்தனை நாளாக, எடை குறைந்ததா, இரத்தம் போகிறதா, என்ன நிறம், குடும்பத்தில் யாருக்காவது உண்டா. இரத்தத்தின் தோற்றத்தை வைத்து அது மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்று பிரிப்பதை இன்றும் செய்கிறோம். அன்றைய மருத்துவர்களை மூடர்கள் என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. கண்ணும் காதும் எட்டிய தூரம்வரை அவர்கள் மிக நன்றாகவே போனார்கள்.

அதற்கு அப்புறம்தான் சிக்கல். நண்பர்கள் வற்புறுத்தியதால் ஏப்ரல் கடைசியில் ஹியூம் எடின்பரோவிலிருந்து லண்டனுக்குக் கிளம்பினார். அங்கே ஜான் பிரிங்கிள் பார்த்தார். இராணுவ மருத்துவத்தில் பெரிய பெயர் எடுத்தவர், அப்போது ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் தலைவர். இரத்தக் கசிவெல்லாம் ஒன்றுமில்லை, பெருங்குடலில் ஓரிடம் சுருங்கியிருக்கிறது, பாத் நகரத்து வெந்நீர் ஊற்று சரிசெய்துவிடும் என்றார். பாத் நகரத்துக்குப் போனால் அங்கிருந்த மருத்துவர் கஸ்டார்ட், பிளாக் சொன்ன இரத்தக் கசிவுக்கு அறிகுறியே காணோம், பிரிங்கிள் சொன்ன குடல் சுருக்கத்தை நான் பார்த்ததே இல்லை என்றார். இது வெறும் பித்தக் கோளாறு, இங்கு வருகிறவர்களிடம் மிகச் சாதாரணமாகக் காண்பது, ஊற்றுநீருக்குக் கேட்காமல் போவது அரிது என்று உறுதி சொன்னார். மூன்று பேர், மூன்று பெயர். என் நோய்க்கு ஒரு கிரேக்கப் பெயர்கூட வைக்காமல் சாகவிடுகிறீர்களே என்று தன் மருத்துவ நண்பர்களிடம் குறைப்பட்டவர் ஹியூம். இப்போது பெயர்கள் வரிசையில் வந்தன. மே மாதம் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதை அவரே வரிசையாகச் சொல்கிறார்.

இந்த மூவரும் அந்தக் காலத்தின் தேர்ந்த மருத்துவர்கள். பின் ஏன் ஒருவர் சொன்னது இன்னொருவரோடு ஒத்துப்போகவில்லை?

அன்று பட்டம் பெற்ற மருத்துவருக்கும் கத்தி பிடிக்கும் சர்ஜனுக்கும் நடுவே பெரிய சுவர் இருந்தது. லண்டனில் 1745 வரைக்கும் சர்ஜன்களும் நாவிதர்களும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். கையால் செய்கிற வேலை சர்ஜனுடையது. யோசித்துச் சொல்வது மருத்துவருடையது. கௌரவமான மருத்துவர் நோயாளியின் எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார், மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பார். சட்டையை விலக்கி வயிற்றை நாலு பக்கமும் அமுக்கிப் பார்ப்பது அன்றாட வழக்கத்தில் கிடையாது. நெஞ்சைத் தட்டிப் பார்த்து ஓசையிலிருந்து உள்நிலையை அறியும் முறையை வியன்னாவில் அவுயென்புருக்கர் 1761-லேயே எழுதி வெளியிட்டார். 1808-ல் பாரிஸில் கோர்விசார் அதை பிரெஞ்சில் மொழிபெயர்க்கும்வரை அதை ஏறெடுத்துப் பார்த்தவர்கள் சொற்பம். ஸ்டெதஸ்கோப் வந்தது 1816-ல்.

நோயாளியை நேரில் பார்க்காமலே வைத்தியம் சொல்வதும் சகஜமாக இருந்தது. எடின்பரோ பேராசிரியர் வில்லியம் கல்லன் இதில் பேர்பெற்றவர். தூர ஊர்களிலிருந்து நோயாளிகளும் உள்ளூர் மருத்துவர்களும் அவருக்குத் தபால் போடுவார்கள். அவர் பதில் எழுதுவார், பதிலுக்கு ஒரு நகலும் எடுத்து வைத்துக்கொள்வார். 1781 முதல் ஜேம்ஸ் வாட்டின் புதிய நகலெடுக்கும் கருவியை வாங்கி அதிலேயே நகலெடுத்தார். அப்படி ஆயிரக்கணக்கான கடிதங்கள் எடின்பரோ மருத்துவர் கல்லூரியில் இன்றும் இருக்கின்றன. வயிறு சம்பந்தப்பட்ட நோய்க்குக் கடிதம் தோதான கருவி என்றே அன்று நினைத்தார்கள். அந்த நோய்க்கு அவர்கள் தேடிய அடையாளங்கள் எல்லாம் எழுத்தில் சொல்லிவிடக் கூடியவை: எப்போது வலிக்கிறது, என்ன தின்றால் வலிக்கிறது, பொருமல் உண்டா, மலம் தண்ணீராகவா, சளியோடா, தூக்கம் எப்படி, மனம் சோர்கிறதா.

பெயர் வைத்த முறையும் இதையே ஒட்டி இருந்தது. கல்லன் 1769-ல் நோய்களை எல்லாம் வகுத்து ஒரு பெரிய அட்டவணை போட்டார். தாவரங்களை லின்னேயஸ் வகுத்தமாதிரி. நான்கு பெரும்பிரிவுகள். அதில் சீதபேதி காய்ச்சல் நோய்களோடு போய்ச் சேர்ந்தது. சாதாரண வயிற்றுப்போக்கு, குடல் முறுக்கு வலி, அஜீரணம் எல்லாம் நரம்பு நோய்களின் கீழ் வந்தன. வயிறும் குடலும் நரம்புகளின் ஆட்சியில் நடப்பவை, நரம்பின் விறைப்போ தளர்ச்சியோதான் கோளாறுக்குக் காரணம் என்பது அவர் கருத்து. (சர்க்கரை நோயையும் அவர் அங்கேதான் வைத்தார்.) புண், கட்டி, அழற்சி என்று குடலின் சதையில் நடப்பதைக் கொண்டு பிரிக்கவில்லை, வெளியே தெரியும் குறிகளைக் கொண்டு பிரித்தார். புண்ணால் வந்த போக்கும், புற்றால் வந்த போக்கும், வெறும் பதற்றத்தால் வந்த போக்கும் இதில் ஒரே கூடைக்குள் போய்விடும். இரத்தத்தைப் பெரிதாக எடுத்துக்கொண்டவருக்கு அது இரத்தக் கசிவு, அடைப்பு மாதிரியான வலியைப் பெரிதாக எடுத்துக்கொண்டவருக்குக் குடல் சுருக்கம், பாத் நகரத்தில் தினம் தினம் பித்தக்காரர்களையே பார்த்தவருக்குப் பித்தம். அவர்கள் முரண்பட்டதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். மூவர் கையிலும் இருந்தது ஒரே கதை; கதைக்கு வெளியே போய்ச் சரிபார்க்க வழியில்லை.

நான்காவது பெயர் அப்படி வரவில்லை. பாத் நகரத்து நீர் முதலில் நன்றாக ஒத்துக்கொண்டது. ஹியூமுக்கே கொஞ்சம் நம்பிக்கை துளிர்த்தது. பிறகு பழையபடி எல்லாம் திரும்பிவிட்டது. அந்தச் சமயம் ஜான் ஹன்டர் அந்த ஊருக்கு வந்திருந்தார். அவர் சர்ஜன், ஐரோப்பாவிலேயே பெரிய உடற்கூற்று வல்லுநர் என்று ஹியூமே சொல்கிறார். ஹன்டர் செய்தது ஒன்றே ஒன்று: ஹியூமின் வயிற்றில் கை வைத்து அமுக்கிப் பார்த்தார். கல்லீரல் பக்கம் ஒரு கட்டி விரலுக்குத் தட்டுப்பட்டது. அவர் இடத்தைக் காட்டிய பிறகு ஹியூம் தானே தடவிப் பார்த்தார், அவருக்கும் தட்டுப்பட்டது. முட்டையளவு, தட்டையாக, வட்டமாக இருந்தது என்று 1776 ஜூனில் அண்ணனுக்கு எழுதுகிறார். இது யூகத்தில் வந்ததல்ல, புலனுக்கு நேரே தெரிவது, ஆகவே மறுக்க முடியாது என்கிறார். அனுபவமே அறிவுக்கு அடிப்படை என்று வாழ்நாள் முழுக்க எழுதியவர், கடைசியில் தன் வயிற்றின் மேல் தன் விரலை வைத்து அதைப் பார்த்துக்கொண்ட இந்த இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கனத்துவிடும்.

வயிற்றை அமுக்கிப் பார்ப்பது இன்று முதல் வருட மருத்துவ மாணவருக்குக்கூடத் தெரியும். அன்று அது பிணங்களை அறுத்து அறுத்துப் பழகிய ஒரு கையிலிருந்துதான் வரமுடிந்தது. உள்ளே எது எங்கே, எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று தெரிந்த கைக்குத்தான் வெளியிலிருந்தும் தெரியும். அந்த அறிவு அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. இத்தாலியில் பதுவா நகரத்து மொர்கான்யி 1761-ல், தம் 79-ஆம் வயதில், சுமார் 700 நோயாளிகளின் கதையையும் இறந்தபின் அவர்களை அறுத்துப் பார்த்ததில் தெரிந்ததையும் எதிரெதிரே வைத்து ஒரு பெரிய நூல் வெளியிட்டார். நோய்க்கு உடம்பில் ஓர் இருப்பிடம் உண்டு என்பது அதன் அடிப்படை. அதில் ஓர் இளைஞனின் குடல் வருகிறது: சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண்ணும் துளையும். 1932-க்குப் பிறகு குரோன் நோய் என்று பெயர் பெற்ற நாள்பட்ட குடல் அழற்சியின் பழைய பதிவாக அது இருக்கலாம் என்று கருதுகிறவர்கள் உண்டு. ஹன்டரின் அக்கா மகன் மேத்யூ பெய்லி 1793-ல் இதே வழியில், உறுப்பு உறுப்பாக, ஆங்கிலத்தில் எழுதினார். ஆனால் இவை எல்லாம் ஆள் செத்தபின் கிடைத்த அறிவு. படுக்கையில் இருப்பவனுக்கு உதவ இன்னும் நெடுநாள் ஆனது.

சரி, மருந்துக்கு வருவோம்.

முதல் மருந்து எப்போதுமே வாழ்க்கைமுறை. என்ன சாப்பிட வேண்டும், எப்போது தூங்க வேண்டும், வயிற்றைக் கதகதப்பாக வைக்கக் கம்பளித் துணி, குதிரைச் சவாரி. சவாரிக்கு ஒரு தர்க்கம் இருந்தது: நடந்தால் களைப்பு, குதிரையில் போனால் களைப்பில்லாமல் குடல் குலுங்கும், தேங்கியிருப்பது நகரும். ஹியூமுக்கே இளவயதில் இந்த வைத்தியம் நடந்திருக்கிறது. அப்போது வந்தது மனச்சோர்வும் படபடப்பும்; படித்தவர்களுக்கு வரும் வியாதி என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கசப்பு மருந்துகள், நரம்பு மாத்திரைகள், தினம் ஒரு பைண்ட் கிளாரெட் ஒயின், எட்டுப் பத்து மைல் குதிரைச் சவாரி. மனச்சோர்வையும் வயிற்றையும் அன்று தனித்தனியாகப் பார்க்கவில்லை. இப்படிப்பட்ட சோர்வுக்கு அன்று வழங்கிய ஹைப்போகாண்ட்ரியா என்ற சொல்லே விலா எலும்புக்குக் கீழ் இருக்கும் வயிற்றுப் பகுதியின் பெயர்தான்.

அடுத்தது பேதி மருந்து. பேதியாகிறவனுக்கே பேதி மருந்து கொடுத்தார்கள் என்பது இன்று வினோதமாகப் படும். உள்ளே கெட்ட பொருள் இருக்கிறது, குடல் அதை வெளியே தள்ளப் பார்க்கிறது, அதை முடித்துவைக்காமல் கட்டிவிட்டால் விஷம் உள்ளேயே தங்கிவிடும் என்று நினைத்தார்கள். இதற்கு அவர்கள் பெரிதும் விரும்பியது நம் நாட்டு மருந்துக்கடைகளில் ரேவல்சின்னி என்று கேட்டால் கிடைக்கும் அதே வேர். அது முதலில் இளக்கும், பிறகு தானே கட்டும். ஒரே வேர் இரண்டு வேலையும் செய்யும். சீனாவிலிருந்து ரஷ்யா வழியாக வந்ததால் விலை கடுமை. 1760-களில் எடின்பரோ தாவரவியல் பேராசிரியர் ஜான் ஹோப், ரஷ்யாவிலிருந்து வந்த விதையை வைத்துத் தோட்டத்திலேயே வளர்த்துக் காட்டினார்.

அதே 1760-களில் விளக்கெண்ணெயும் பிரிட்டனில் புதிய மருந்தாகப் பரவியது. மேற்கிந்தியத் தீவுகளில் வேலை பார்த்துவிட்டு பாத் நகரத்தில் குடியேறிய பீட்டர் கன்வேன் என்ற மருத்துவர் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். வயிற்றை முறுக்காமல் இளக்கும் என்பது அதன் சிறப்பு. எங்கள் அம்மாச்சி மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊற்றிய விளக்கெண்ணெயின் கொழகொழப்பும், அதன்பின் வாயில் திணித்த வெல்லத்துண்டும் இந்த வரியை எழுதும்போது நினைவுக்கு வருகின்றன. தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் புழங்கிய ஒன்றை லண்டன் புதுக் கண்டுபிடிப்பாகப் படித்துக்கொண்டிருந்தது.

நம் பக்கத்திலிருந்து போன இன்னொன்றும் உண்டு. எடின்பரோ மருந்து நூல்களில் ‘கொனெசி பட்டை’ என்று ஒன்று வரும்: சோழமண்டலக் கரையில் வளரும் மரத்தின் பட்டை, கசப்பும் துவர்ப்புமானது, வயிற்றுப்போக்குக்கும் சீதபேதிக்கும் நல்லது என்று எழுதியிருப்பார்கள். நம் குடசப்பாலைதான் அது. அங்கே கடைகளில் அதிகம் கிடைத்ததில்லை. ஆனால் பட்டையில் சத்து உண்மையாகவே இருந்தது. பிற்காலத்தில் அதிலிருந்து பிரித்த கொனெசின் என்ற பொருள் சீதபேதி உண்டாக்கும் அமீபாவை எதிர்ப்பது தெரிந்தது.

பிரேசிலிலிருந்து வந்த இபிகாக் வேரின் கதையும் இதைப் போன்றதே. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் எல்வேசியுஸ் என்ற மருத்துவர் இரகசியமாக வைத்துச் சீதபேதிக்குக் கொடுத்துவந்த மருந்தின் இரகசியத்தைப் பதினான்காம் லூயி மன்னர் 1000 தங்கக் காசு கொடுத்து வாங்கினார். வாந்தி வரவைக்கும் வேர். சிறிய அளவில் அபினோடு சேர்த்துத் தாமஸ் டோவர் 1732-ல் வெளியிட்ட பொடி இருபதாம் நூற்றாண்டுவரை கடைகளில் இருந்தது. இந்த வேர் சில சீதபேதிக்குக் கேட்டது, சிலவற்றுக்குக் கேட்கவில்லை. ஏன் என்று அன்று யாருக்கும் புரியவில்லை. வேரிலிருக்கும் எமெட்டின் அமீபாவைக் கொல்லும், பாக்டீரியாவால் வந்த சீதபேதியில் அதற்கு வேலையில்லை. அமீபா சீதபேதிக்கு எமெட்டின் ஊசி போட்டு லியோனார்ட் ராஜர்ஸ் கல்கத்தாவில் காட்டியது 1912-ல். மருந்து கையில் இருந்தது, நோய் இரண்டு வகை என்று தெரிய இருநூறு வருடம் போய்விட்டது.

எல்லாவற்றுக்கும் மேலே அபின். ஒயினில் ஊறவைத்த அபின், குங்குமப்பூ, இலவங்கப்பட்டை, கிராம்பு, அதுதான் லாடனம். சொட்டுக் கணக்கில் கொடுத்தார்கள். வலி அடங்கும், குடலின் அசைவு குறையும், போக்கு நிற்கும், ஆள் தூங்குவான். இது வெறும் நம்பிக்கை இல்லை. இன்று கடையில் வாங்கும் லோபரமைடு மாத்திரையும் குடலில் அபின் பிடிக்கும் அதே இடத்தைத்தான் பிடிக்கிறது. மாதக்கணக்கில் குடித்தால் பழக்கமாகிவிடும், மலம் இறுகிவிடும் என்ற ஆபத்தும் அன்றே இருந்தது. ஜோசப் பிளாக்கின் பெயரையும் இங்கே சேர்க்க வேண்டும். கரியமில வாயுவைக் கண்டறிந்தவர் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த ஆராய்ச்சிக்கு வித்திட்ட 1754-ஆம் வருட மருத்துவப் பட்ட ஆய்வு, உணவிலிருந்து வயிற்றில் உண்டாகும் புளிப்பையும் அதற்கு மருந்தான வெள்ளை மக்னீசியாவையும் பற்றியது.

கெடுதல் செய்தவையும் இருந்தன. ஏற்கெனவே இரத்தம் போகிறவனிடமிருந்து மேலும் இரத்தம் எடுத்தார்கள். கேலோமெல் என்ற பாதரச உப்பை எச்சில் ஒழுகும்வரை கொடுத்தார்கள். இவற்றுக்கு நான் சப்பைக்கட்டுக் கட்டமாட்டேன்.

காரணத்தை உண்மையாகவே பிடித்த சம்பவம் ஒன்று அந்த நூற்றாண்டில் நடந்தது. கேட்டவர் ‘பலித்ததா’ என்று கேட்டதற்கு என் முக்கியமான பதில் அதுதான். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஆப்பிள் சாறைப் புளிக்கவைத்துச் சைடர் குடிப்பார்கள். அங்கே காலங்காலமாக ஒரு வயிற்றுவலி. கொப்பூழைச் சுற்றிப் பிடுங்கும் வலி, நாள்கணக்கில் மலம் வராது, போகப் போக மணிக்கட்டு தொங்கிப்போகும், கையைத் தூக்க முடியாது. 1724-ல் ஆப்பிள் அமோகமாக விளைந்த வருடம் நோயும் அமோகமாக வந்தது. பிளிமத் நகரத்து ஜான் ஹக்ஸம் அதை மிகச் சரியாக வர்ணித்து 1739-ல் வெளியிட்டார், காரணத்தை மட்டும் சைடரின் புளிப்பு என்று வைத்தார். 1762 செப்டம்பரிலிருந்து 1767 ஜூலைவரை எக்ஸிட்டர் மருத்துவமனையில் மட்டும் இந்த நோயோடு 285 பேர் சேர்ந்தார்கள்.

டெவனிலேயே பிறந்த மருத்துவர் ஜார்ஜ் பேக்கர் வேறொரு கேள்வி கேட்டார். ஹெரிஃபோர்ட் பகுதியிலும் சைடர் குடிக்கிறார்கள், அங்கே ஏன் இந்த நோய் இல்லை? இரண்டு ஊர்ச் சைடருக்கும் என்ன வித்தியாசம்? ஆப்பிள் அரைக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார்கள். டெவனில் வட்டமான கல்தொட்டியில் அரைப்பார்கள். பல கற்களை இரும்புக் கொக்கிகளால் பிணைத்து, இடுக்குகளில் காரீயத்தை உருக்கி ஊற்றியிருந்தார்கள். சில இடங்களில் பிழியும் பலகைக்கே காரீயத் தகடு. (நம் வீட்டு ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், இது வேறு, விஷம்.) புளிப்பான சாறு காரீயத்தைக் கரைத்துக்கொள்ளும். ஹெரிஃபோர்டில் அரவைக்குக் காரீயம் பயன்படுத்துவது அரிது.

1766-ல் பேக்கர் இரண்டு சைடரிலும் கந்தகச் சோதனை செய்தார்; காரீயம் இருந்தால் அதில் கறுத்துவிடும். டெவன் சைடர் கறுத்தது, ஹெரிஃபோர்ட் சைடர் கறுக்கவில்லை. டெவன் சைடர் 18 பாட்டில்களைக் காய்ச்சி, அதிலிருந்து நாலரை கிரெய்ன் காரீயத்தை உலோகமாகவே பிரித்தெடுத்தார். இன்றைய அளவில் முந்நூறு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. 1767-ல் இதை லண்டன் மருத்துவர் கல்லூரியில் வாசித்தார். சொந்த மண்ணுக்கே துரோகம் செய்தான் என்று டெவனில் அவரைத் தூற்றினார்கள், பாதிரியார்கள் உட்பட.

அவருக்குத் தகவல் கொடுத்து உதவியவர்களில் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் ஒருவர். ரம் காய்ச்சும் பாத்திரத்தில் காரீய மூடி போடக்கூடாது என்று மாசசூசெட்ஸில் 1723-லேயே சட்டம் போட்டிருந்ததை அவர் அறிந்திருந்தார். 1767-ல் ஃபிராங்க்ளின் பாரிஸ் போனபோது கூடப் போனவர், ஹியூமின் கதையில் வந்த அதே பிரிங்கிள். அங்கே இந்த வயிற்றுவலிக்குப் பேர்போன லா ஷாரிதே மருத்துவமனையில் நோயாளிகளின் பட்டியலை ஃபிராங்க்ளின் எடுத்துப் பார்த்தார். பெயின்டர்கள், கண்ணாடி பொருத்துபவர்கள், குழாய் வேலைக்காரர்கள். எல்லாரும் ஏதோ ஒருவகையில் காரீயத்தோடு புழங்குகிறவர்கள். இரண்டு வகையினர் மட்டும் கணக்கில் சேரவில்லை: கல்வெட்டுபவர்கள், சிப்பாய்கள். இதைச் சொன்னதும் அங்கிருந்த மருத்துவர் ஒருவர் விளக்கினாராம்: கல்வெட்டுபவர்கள் கம்பிகளைக் கல்லில் பதிக்கக் காரீயத்தை உருக்கி ஊற்றுகிறார்கள், அந்தச் சிப்பாய்கள் பெயின்டர்களிடம் கூலிக்குப் போய் வண்ணம் அரைத்தவர்கள். எனக்கு இந்த நூற்றாண்டின் மருத்துவத்தில் மிகப் பிடித்த காட்சி இது. எண்டோஸ்கோபி வேண்டியிருக்கவில்லை, நுண்ணோக்கி வேண்டியிருக்கவில்லை. என்ன வேலை செய்கிறாய் என்ற கேள்வி போதுமானதாக இருந்தது. டெவனில் அரவைத் தொட்டிகளிலிருந்து காரீயம் விலக விலக நோயும் விலகியது. எந்த மருந்தாலும் அப்படி ஒரு நோயை ஊரைவிட்டே விரட்ட அன்று முடிந்ததில்லை.

ஹியூமின் நோய்க்கு வெளியே எடுத்துப் போடக்கூடிய ஒரு காரணம் இருக்கவில்லை. கட்டி தட்டுப்பட்டதால் வைத்தியத்தில் ஒன்றும் மாறிவிடவில்லை, அதை அறுத்தெடுக்க அன்று வழியே கிடையாது. ஆனால் அவருக்கு நிச்சயம் கிடைத்தது. ஜூலை தொடக்கத்தில் எடின்பரோவுக்குத் திரும்பினார். நண்பர்களை அழைத்து விருந்து வைத்தார், தம் புத்தகங்களின் அடுத்த பதிப்புக்குத் திருத்தங்கள் செய்தார். ஆகஸ்டில் ஒரு வியாழன் இரவு பேதி கட்டுக்கடங்காமல் போனது. அதற்குப் பிறகு படுக்கையைவிட்டு எழுந்திருக்கவில்லை. 25-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிவாக்கில் உயிர் பிரிந்தது. மறுநாள் ஸ்மித்துக்கு அதைத் தெரிவித்து எழுதியவர் ஜோசப் பிளாக்தான். கடைசிவரை நினைவு தெளிவாக இருந்தது, பெரிய வலியோ வேதனையோ இருக்கவில்லை என்று எழுதினார்.